அடிச்செடிப் பூ

ஆனந்தமேரி வீட்டுக் கொல்லையில் செண்பகம் மணக்கத் தொடங்கிப் பல நாட்களாகியும் பூவை ஒருவரும் பார்க்கவில்லை. காலைப் பூசைக்குப் போகிறவர்கள் அந்த மதிலோரம் வந்ததும் நடையைக் குறைத்து மூக்கை உயர்த்தினார்கள். மதிலுக்கு மேலே மரத்தின் தலை தெரிந்தது. நீளநீளமான இலைகள் கடற்காற்றில் புரண்டுகொண்டிருந்தன. கிளை கிளையாகத் துழாவியும் ஒரு பூ கண்ணில் படவில்லை. மில் சங்குக்கு ஓடுகிற ஆட்கள்கூட ஒரு விநாடி நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

தெருவில் அதைச் சைகோன் மரம் என்றுதான் சொன்னார்கள். அப்படிச் சொல்ல வைத்தவள் ஆனந்தமேரிதான். அவள் கணவர் லூர்துநாதனுக்குச் சைகோன் துறைமுகத்தில் சுங்க இலாகா வேலை. துவான் உத்தியோகம் என்பார்கள் ஊரில். 1932இல் அவர் அங்கிருந்து அனுப்பிய ஒட்டுக்கன்று அது. வெள்ளைச் செண்பகம். நம் ஊர்ச் செண்பகம் மஞ்சள். இதுவோ தும்பைப் பூவைப் போல வெள்ளை. ஒரு பூவை வைத்தால் கோயில் முழுக்க மணக்கும் என்று தெருமுனைக் குழாயடியிலும், கோயில் வாசலிலும், பெரிய மார்க்கெட் பூக்கடையிலும் ஐந்து வருஷமாகச் சொல்லிவந்திருந்தாள். "உன் பூவெல்லாம் என் மரம் பூக்கிற வரைக்கும்தான்டி" என்று பூக்காரி அன்னக்கிளியிடம் சொல்லிவிட்டு, அவளிடமே ஒரு முழம் கதம்பம் வாங்கி வருவாள்.

இது 1937ஆம் வருஷத்து ஆனி மாதம். லூர்துநாதன் ரெத்ரேத் வாங்கிக்கொண்டு, உத்தியோகத்துக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிட்டு, அடுத்த கப்பலில் வருவதாக எழுதியிருந்தார். இடையில் வர வேண்டிய லீவுகளையெல்லாம் ஓய்வோடு சேர்த்துக்கொண்டதால் மரத்தை அவர் இன்னும் பார்த்ததில்லை.

லூர்துநாதனின் அக்கா பெர்னதெத் விதவை. அடுத்த தெருவில் இருந்தாள். சாயங்காலமானால் தம்பி பெண்சாதியைப் பார்க்க வருவாள். வாசம் தொடங்கியதிலிருந்து காலையிலும் வந்தாள்.

"என்னா ஆனந்தம், வாசம் என் வூடு வரைக்கும் வருது. பூவை எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

"இன்னும் பூக்கல அண்ணி. மொட்டுதான் விட்டிருக்குது."

"மொட்டுக்கே இந்த வாசம்னா பூத்தா ஊர்ல எவனும் மூச்சு வுட முடியாது போல."

"பக்கத்து வூட்டு அத்தரா இருக்கும்."

"கமருஸ்ஸமான் அத்தர் எனக்குத் தெரியாதா? எம் புருஷன் செத்தப்போ அதைத்தானே பெட்டி நிறையத் தெளிச்சோம். இது அது இல்ல." பெர்னதெத் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கீழே ஓர் இதழாவது உதிர்ந்து கிடக்கிறதா என்று பார்த்தாள். தரை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. "கண்ணு படும்னு மறைக்கிறே. மறைச்சுக்க. லூர்து வந்து இறங்கட்டும். மொதப் பூவை அவங்கையால வாங்கி மாதாவுக்கு வைக்கிறேன்னு பங்குச் சாமிகிட்ட சொல்லிட்டேன். வெள்ளைச் செண்பகமான்னு அவரே ஆச்சரியப்பட்டாரு."

ஆனந்தமேரி சிரித்து வைத்தாள். அண்ணி போன பிறகு துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மரம் பூக்கத்தான் செய்தது. தினமும் பூத்தது. விடிவதற்கு முன்பே அவள் முக்காலி போட்டு ஏறி, கைக்கு எட்டாததைத் துரட்டியால் இழுத்து, ஒன்று விடாமல் பறித்துவிடுவாள். பறித்ததை மடியில் கட்டிக்கொண்டு மதிலோரம் வருவாள். அந்தப் பக்கம் கமருஸ்ஸமானின் மனைவி ஜஹபர் நிஷா பித்தளைச் சட்டியுடன் நிற்பாள். பூ அத்தனையும் முட்டைக் கருவைப் போல மஞ்சள்.

"யக்கா, எங்க வூட்டுல அரிசிப் பானை வரைக்கும் மணக்குது" என்றாள் ஜஹபர் நிஷா. "நேத்து சோறு ஏன் இப்பிடி வாசமா இருக்குதுன்னு அவரு கேக்கறாரு."

"என்னா சொன்னே?"

"நீங்க கடையிலேருந்து சட்டையில ஒட்டிக்கினு வந்ததுதான்னு சொன்னேன். அத்தர் விக்கிற மனுசன், நம்பிட்டாரு."

இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு ஜஹபர் நிஷா சட்டியில் கிடந்த பூவை விரலால் புரட்டியபடி கேட்டாள்: "அண்ணன் வந்துட்டா என்னாக்கா பண்ணுவே? அவரு மரத்தைப் பாக்க மாட்டாரா?"

ஆனந்தமேரி மடியை உதறிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கன்றைச் சைகோனிலிருந்து கொண்டுவந்தவர் லூர்துநாதனின் பெரியப்பா மகன் சூசைநாதன். அவரும் துவானில் இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பியவர். மூங்கில் கூடையில் மண்ணோடு இருந்த கன்றைக் கப்பல் தளத்தில் தன் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றி, உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். அங்கே தோட்டக்காரன் சொல்லியனுப்பியதையும் ஒப்பித்தார். இது விதையில் வராது. சாதாரணச் செண்பகக் கன்றை அடிச்செடியாக வைத்து அதன் மேல் வெள்ளைக் கிளையை ஒட்டுக் கட்டியிருக்கிறது. கட்டுக்குக் கீழேயிருந்து வருகிற துளிரையெல்லாம் கிள்ளிவிட வேண்டும். விட்டால் அடிச்செடி மேலே கட்டினதைத் தின்றுவிடும்.

ஆனந்தமேரி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவள் பிறந்தது தவளக்குப்பத்தில். அவள் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவள். கொல்லைக் கிணறு லேசாக உப்புக் கரிக்கும். தென்னைக்கு ஆகும், இதற்கு ஆகாது என்று, தெருமுனைக் குழாயில் வருகிற முத்திரப்பாளையத்துத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தாள். "குடிக்கிற தண்ணியை மரத்துக்கு ஊத்தறா பாரு" என்று குழாயடியில் சண்டையே நடந்தது. கடல் மணல் வேண்டாம் என்று கோரிமேட்டிலிருந்து செம்மண் ஒரு வண்டி இறக்கினாள். ஐப்பசி மழையில் வேரில் தண்ணீர் நிற்காமலிருக்க வாய்க்கால் வெட்டிவிட்டாள். ஒரு கார்த்திகைப் புயலில் வீட்டு ஓடு பறந்தது. அவள் முதலில் ஓடியது மரத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான். மகள் புஷ்பமேரி காரைக்காலுக்குக் கட்டிக்கொண்டு போனபின் அந்த வீட்டில் அவள் பேசுவது பெரும்பாலும் அதனோடுதான்.

நட்டது மட்டும் அப்பா நட்டதைப் போல நட்டாள். தென்னம்பிள்ளையை ஆழக் குழியின் அடியில் வைத்து, வளர வளர மண்ணைத் தள்ளிக்கொண்டே வருவது அவர்கள் தோப்பில் வழக்கம். வேர் ஆழத்தில் இருந்தால் காற்றுக்கு அசையாது. அந்தக் கணக்கில் ஒட்டுக்கன்றையும் முழங்கையளவு குழியில் இறக்கினாள். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்குள் போய்விட்டது. பிறகு மண்ணுக்கு மேலே இரண்டு தண்டு வந்தது. ஒன்று தடித்து நேராக, தினம் ஒரு விரல் வளர்ந்தது. மற்றது மெலிந்து, கோணலாகத் துவைக்கிற கல் பக்கம் சாய்ந்திருந்தது. சைகோனிலிருந்து கடல் தாண்டி வந்தது இப்படிச் சோப்ளாங்கியாகவா இருக்கும்? கோணலைக் கிள்ளினாள். மறுபடியும் துளிர்த்தது. மறுபடியும் கிள்ளினாள். இரண்டு வருஷம் விடாமல் கிள்ளிய பிறகு அது வருவதை நிறுத்திக்கொண்டது. அன்றைக்குக் குழாயடியில், "காட்டுச்செடி தொல்லை ஒழிஞ்சுது" என்று சொன்னாள்.

முதல் மஞ்சள் பூவைப் பார்த்த அன்று மத்தியானம் மரத்தடியைத் தோண்டிப் பார்த்தாள். முழங்கை ஆழத்தில் முடிச்சு கையில் தட்டுப்பட்டது. அதற்குக் கீழேயிருந்துதான் பெரிய மரம் கிளம்பியிருந்தது. முடிச்சுக்கு மேலே விரல் பருமனில் ஒரு காய்ந்த குச்சி. குச்சி முழுக்க அவள் நகம் பட்ட வடு.

"எங்கப்பன் தென்னை வைக்கிற மாதிரி வச்சுட்டேன் நிஷா" என்று மதிலுக்கு அப்பால் நின்றவளிடம் சொன்னாள்.

"தெரியாமதானேக்கா செஞ்சே. அண்ணன்கிட்ட எழுதிடு."

"என்னான்னு எழுதறது? அவரு அங்க இருந்த வருஷமெல்லாம் இங்க ஒண்ணு தப்பாப் போச்சுன்னு நான் எழுதினதில்ல. மாமியார் படுக்கையில கெடந்தாங்க, பாத்தேன். பொண்ணைக் கட்டிக் குடுத்தேன். கூரை மாத்தினேன். அவரு ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. இப்போ போயி, நீங்க அனுப்பிச்சதை என் நகத்தாலயே கொன்னுட்டேன்னு எழுதட்டுமா?"

அன்றிலிருந்துதான் விடியுமுன் பறிப்பது தொடங்கியது.

கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டது. சலங்குப் படகில் ஏறி, கடற்பாலத்து ஏணியைப் பிடித்து மேலே வந்தார் லூர்துநாதன். வெள்ளைக் கோட்டு, தக்கைத் தொப்பி, முன்னைவிடக் கொஞ்சம் தொந்தி. வண்டியில் ஏறியதும் மகளைப் பற்றிக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றாமலே கொல்லைக்குப் போனார்.

மரத்தைப் பார்த்ததும் இரண்டு கையாலும் அடிமரத்தைப் பிடித்துப் பார்த்தார். "மேரி, எங்க பெரிய துரை பங்களாவில ரெண்டு இருக்குது. ரெண்டும் கூனிப் போயி நிக்கும். இவ்வளவு நேரா ஒண்ணை நான் அங்கயே பாக்கல. எப்பிடி வளத்தே?"

"தண்ணி ஊத்தினேன்" என்றாள்.

"பூ?"

"வரும்."

அவர் வீட்டுக்குள் வந்ததும் அக்காவுக்கும் சூசைநாதனுக்கும் ஆள் விட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோருக்கும் இங்கேதான் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலப் பிரார்த்தனைக்கு மாதாவுக்குப் பூ எடுத்துப் போகலாம். "ஒரு பூவாவது அன்னிக்கு விரிஞ்சிடணும், ஆமா" என்று மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிறு அதிகாலையில் லூர்துநாதன் அக்காவை அழைத்துக்கொண்டு வாசல் வழியாகவே முதல் பூசைக்குப் போய்விட்டார். ஆனந்தமேரிக்கு அடுப்படி வேலை. வீராம்பட்டினத்திலிருந்து மீன்காரி அஞ்சலாட்சி வஞ்சிரம் கொண்டுவந்து இறக்கியிருந்தாள். அதை அறுத்து, கோழி அசாதுக் குழம்புக்குத் தேங்காய்ப் பால் பிழிந்து வைத்துவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தபோது வழக்கத்தைவிட நேரமாகிவிட்டிருந்தது. பொழுது நன்றாக விடிந்திருந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாளும் இருட்டில் தடவித் தடவித்தான் பறித்திருக்கிறாள். வெளிச்சத்தில் அந்த மரம் பூத்து நின்றதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அடிக்கிளையிலிருந்து உச்சி வரை, இலைக்கு ஒன்றாக, கடலிலிருந்து வந்த முதல் வெயில் பட்டு, மஞ்சளாகப் பூத்திருந்தது.

மதிலுக்கு அப்பால் சட்டி தட்டும் சத்தம் கேட்டது. "யக்கா, இன்னிக்கு என்னா இம்மாம் நேரம்? சீக்கிரம் குடு."

"இன்னிக்கு இல்ல நிஷா. நீயும் வந்து பாரு."

ஜஹபர் நிஷா கல்லின் மேல் ஏறி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். அடியிலிருந்து உச்சி வரை பார்த்தாள். பிறகு, "யா அல்லா" என்றாள்.

ஆனந்தமேரி முக்காலியைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு, மீன் குழம்பைக் கூட்ட உட்கார்ந்தாள்.

பூசைக்குப் பிறகு அக்கா வீட்டிலேயே தங்கிவிட்ட லூர்துநாதனோடு விருந்தாளிகள் பதினொரு மணி வெயிலில் வந்தார்கள். லூர்துநாதன் முன்னால் நடந்து எல்லோரையும் கொல்லைக்கு அழைத்துப் போனார். கொல்லைப்படி தாண்டியதும் அவர் கால் நின்றது. பின்னால் வந்த சூசைநாதன் அவர் முதுகில் முட்டிக்கொண்டார்.

பெர்னதெத்தான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னா லூர்து, மஞ்சளாக் கெடக்குது?"

லூர்துநாதன் முகம் சிவந்தது. மனைவி நின்ற பக்கம் பார்த்தார். அவள் கையில் அகப்பையுடன் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். பார்த்த பார்வையை அவர் மெல்லத் திருப்பிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"இது வெள்ளை ஜாதிதான் அக்கா. மண்ணு மாறினா நெறம் மாறும். சைகோன் மண்ணு கறுப்பு. இங்க செம்மண்ணு போட்டிருக்குது பாரு, அதான். சந்தேகம்னா அண்ணனைக் கேளு."

எல்லோரும் சூசைநாதனைப் பார்த்தார்கள். வெள்ளைச் செண்பகத்தை அங்கே தினம் தினம் பார்த்தவர் அவர். மரத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், கைத்தடியால் மண்ணைக் கிளறினார். "மாறலாம்... கடல் தாண்டி வந்ததாச்சே. சொல்ல முடியாது."

"அப்ப சைகோன் பூதான்னு சொல்லு" என்றாள் பெர்னதெத். குரலில் பாதி ஏமாற்றம், பாதி நிம்மதி. "நெறம் மாறினா என்னா, சாதி சாதிதானே. பங்குச் சாமிகிட்ட அப்பிடியே சொல்லிடறேன்."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. லூர்துநாதன் சிரித்தார். சாப்பிடப் போகலாம் என்று திரும்பினார்கள்.

"இல்லீங்க" என்றாள் ஆனந்தமேரி.

"சோறு ஆறுது மேரி. அப்பறம் பேசலாம்."

"ஆறட்டும். இது வெள்ளை இல்ல. மண்ணால மாறவும் இல்ல. நீங்க அனுப்பின வெள்ளையை நான்தான் கொன்னேன். கட்டு மண்ணுக்குள்ள போற மாதிரி ஆழமா நட்டேன். எது எதுன்னு தெரியாம வெள்ளையை ரெண்டு வருஷம் கிள்ளிக் கிள்ளி எறிஞ்சேன். இது அடிச்செடி. தோண்டிக் காட்டட்டுமா? குச்சி இன்னும் அங்கதான் இருக்குது."

"யாரு உன்னைக் கேட்டா?" லூர்துநாதன் தணிந்த குரலில் சொன்னார். "நான்தான் சொல்லிட்டேனே. உன்னை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"எனக்காகத்தான் சொன்னீங்க, தெரியுது. பூத்த நாள்லேருந்து நானும் அதுக்குத்தான் ஒளிச்சேன். விடியறதுக்குள்ள பறிச்சு மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டேன். ஆனா காலையில பாத்தேங்க. இதை வெள்ளைன்னு சொன்னா, இது பூத்ததுக்கு என்னா அர்த்தம்? மேல கட்டினதைச் சுமக்கத்தான் இதைக் கூடையில வச்சு அனுப்பினாங்க. இதுகிட்ட ஒருத்தரும் பூ கேக்கல. நான் தண்ணி சுமந்தது இதுக்கு. புயல்ல பிடிச்சுக்கினு நின்னது இதை. இது எம் மரங்க. அதுக்குச் சைகோன் பேரு வேணாம்."

பெர்னதெத்துக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "அஞ்சு வருஷமா சைகோன் மரம், சைகோன் மரம்னு ஊரைக் கூட்டிச் சொன்னது யாரு? நானா?"

"நான்தான் அண்ணி. ஊரைக் கூட்டித்தான் சொன்னேன். இப்போ இதையும் கூட்டியே சொல்றேன்."

மதிலுக்கு அப்பால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. சூசைநாதன் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடிச்செடி பூத்து நான் பாத்ததே இல்லம்மா" என்றார் கடைசியில். "அங்க அதைப் பூக்க வுட மாட்டாங்க. நான் தண்ணி ஊத்திக் கொண்டாந்தது இதுக்குந்தான்னு வச்சுக்க."

லூர்துநாதன் திரும்பி உள்ளே போனார். அவர் கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கோட்டைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வந்தார். துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று ஒரு கிளையைப் பிடித்தார். பிடித்தவருக்கு அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எதைப் பறிக்கிறது மேரி?"

"அது வேணாம், ராத்திரியே விரிஞ்சது, உதுந்துடும். இந்தப் பக்கம். காம்போட கிள்ளுங்க, கிளையை ஒடிக்காதீங்க. அதுக்குப் பக்கத்துல சின்னதா இருக்குதே, அதை வுட்டுடுங்க, நாளைக்கு ஆவும்."

அவள் சொல்லச் சொல்ல அவர் பறித்தார். குரலை அவள் தாழ்த்தவில்லை, தெருவரை கேட்டது. பெர்னதெத் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை விரித்துக்கொண்டு கல்லடியில் போய் நின்றாள். "இப்பிடிப் போடுடா லூர்து, தரையில வுழுது பாரு." சாப்பிட உட்கார்ந்தபோது குழம்பு ஆறித்தான் போயிருந்தது.

சாயங்காலம் கணவன் மனைவியும் பெர்னதெத்துமாகக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். வெள்ளித் தட்டு நிறையப் பூ. வழக்கமாகக் கோயிலுக்குக் கொண்டுபோகும் தட்டின் மேல் ஒரு வெள்ளைத் துணி போடுவார்கள். பெர்னதெத் துணியை எடுத்து நீட்டினாள். ஆனந்தமேரி வாங்கவில்லை. தட்டைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு நடந்தாள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள்.

"இதுதான் சைகோன் பூவா முசே?" என்று ஒருத்தி லூர்துநாதனைக் கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்தார்.

"இல்லம்மா. சைகோன் பட்டுப்போச்சு. இது எம் பொஞ்சாதி வளத்தது."

கேட்டவள் ஏதோ சொன்னாள். அதைக் கேட்க ஆனந்தமேரி நிற்கவில்லை. இருவருக்கும் முன்னால் அவள் கோயில் தெருவில் திரும்பிவிட்டிருந்தாள்.